தையல் போட்ட வாயும் ஓயாத வீடும்

எலும்புக்குள் பாதி புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை அறுவை சிகிச்சை செய்து எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னபோது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “பல் பிடுங்குவதுதானே, அரை நாள் வேலை.” சொன்னவர்கள் அன்பானவர்கள்; என் பயத்தைப் போக்கவே அப்படிச் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு உதவவில்லை. அறுவை சீக்கிரம் முடிந்துவிடலாம். அதன் பிறகு அந்த வாயோடுதான் சாப்பிட வேண்டும், பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும், தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டும், வீட்டுப் பெரியவர்களிடம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்க வேண்டும். கை உடைந்து கட்டுப்போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் வேலை சொல்வதில்லை, கட்டு கண்ணில் படுகிறது. வாய்க்குள் போட்ட தையல் யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு பிள்ளைகளும் காது மந்தமான மாமியாரும் இருக்கும் வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதை எழுதிவைக்க நினைத்தேன். அடுத்து இதே சிகிச்சைக்குப் போகிறவருக்கும், அதைவிட முக்கியமாக அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கிறது. மற்ற பற்கள் எல்லாம் இடம் பிடித்துக்கொண்ட பிறகு வருவதால் பலருக்குத் தாடையில் அதற்கு இடம் இருப்பதில்லை. எனக்குக் கீழ்த்தாடையின் இடது பக்கத்தில் அது முன்பக்கம் சாய்ந்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் மேல் முட்டிக்கொண்டு நின்றது. பாதி வெளியே தெரியும், பாதி ஈறுக்குள். மேலே மூடியிருந்த ஈறின் மடிப்புக்குள் உணவுத் துணுக்கு போய் அடைத்துக்கொள்ளும். எந்தப் பிரஷும் அங்கே எட்டாது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஈறு வீங்கிச் சீழ் கட்டும். வாய் திறக்காது, விழுங்கினால் காது வரை வலிக்கும். மருந்தில் அடங்கும், மறுபடியும் வரும்.

ஞானப்பல் என்றாலே எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தொந்தரவு எதுவும் தராத பல்லை முன்னெச்சரிக்கைக்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்று சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஈறு வீக்கம் ஒரே முறை வந்து, அதுவும் கடுமையாக இல்லாவிட்டால், எடுக்க அது போதுமான காரணம் இல்லை. இரண்டாம் முறையும் வந்தால் யோசிக்கலாம் என்பது அந்த வழிகாட்டுதலின் போக்கு. என்னைப் பார்த்த வாய்-தாடை அறுவை மருத்துவரும் அவசரப்படுத்தவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்துப் பல்லிலும் சொத்தை தொடங்கியிருப்பதைக் காட்டினார். நல்ல பல்லையும் சேர்த்து இழக்க வேண்டாம் என்றுதான் நான் சம்மதித்தேன்.

அதே எக்ஸ்ரேயில் வேறொன்றையும் காட்டினார். பல்லின் வேருக்குக் கீழே, தாடை எலும்பின் உள்ளே, மெல்லிய இரட்டைக் கோடு ஒன்று முன்னோக்கிப் போனது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு போகும் பாதை அது. வேர் அதற்கு மிக அருகில் இருந்தால், பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கி உதடு கொஞ்ச காலம் மரத்துப்போகலாம். அரிதாக அந்த மரப்பு நிலைத்தும் விடலாம். நாக்கின் நரம்பும் அந்தப் பக்கமாகவே போகிறது. எனக்கு இடைவெளி போதுமான அளவு இருக்கிறது என்றார். ஆனாலும் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஒப்புதல் தாளை நீட்டினார். இப்படிச் சொல்கிற மருத்துவரிடம் போவது பாதி நிம்மதி. நாம் சாப்பிடும் மாத்திரைகள், ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு காயம் பட்டபோது ரத்தம் நிற்கத் தாமதமானதா என்பதையெல்லாம் அவர் கேட்டார். நாமாகவே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் போய் உட்காரவும் கூடாது.

வீட்டை ஆயத்தப்படுத்தும் வேலை அறுவைக்கு முந்திய வாரமே தொடங்கியது. சமையல், துணி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கணவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவை எளிதில் கைமாறும் வேலைகள். குரலால் செய்யும் வேலைகளை எழுதத் தொடங்கியபோதுதான் பட்டியல் நீண்டது. மாமியாருக்குக் காது மந்தம். என் குரல் அவருக்குப் பழகிவிட்டதால், மற்றவர்கள் சொன்னது புரியாவிட்டால் என்னைத்தான் பார்ப்பார். சின்னவன் கதை கேட்காமல் தூங்கமாட்டான். பெரியவள் பாடத்தை என்னிடம் சத்தமாகப் படித்துக்காட்டி, நான் கேள்வி கேட்டால்தான் படித்ததாகவே ஒத்துக்கொள்வாள். இவற்றில் ஒன்றைக்கூட நான் வேலை என்று அதுவரை கணக்கில் சேர்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வைத்தோம். மாமியாருக்காக, ஒரு கோடு போடாத நோட்டும் தடித்த பேனாவும் மேசையில் வைத்தோம்.

முந்திய இரவு பெரியவள் கேட்டாள்: “அந்தக் காலத்தில் ஊசி இல்லாமலேயே பல்லை எடுத்தார்களா அம்மா?” எடுத்தார்கள் என்றேன். அன்றைய கதை அதுவாகவே ஆனது. ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1844இல், சிரிப்பூட்டும் வாயுவைத் தானே சுவாசித்துவிட்டுத் தன் பல்லையே எடுக்கச் சொன்னதைச் சொன்னேன். கார்ல் கொல்லர் என்ற கண் மருத்துவர் 1884இல், கொகெயின் கரைசலைச் சொட்டுவிட்டுக் கண்ணை மட்டும் மரக்கவைத்ததையும், அதன் பிறகு மருத்துவர்கள் தாடை நரம்பை ஊசியால் மரக்கவைக்கக் கற்றதையும் சொன்னேன். கொகெயின் ஆபத்தானது என்று தெரிந்து வேறு மருந்து தேடியபோது, ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிடோகெயின்தான் நாளைக்கு எனக்குப் போடப்போகிற லிக்னோகெயின் என்றும் சொன்னேன். “அப்படியானால் நாளைக்கு உனக்கு வலிக்காது” என்று அவளாகவே முடித்துக்கொண்டாள். சின்னவன் அதற்குள் தூங்கியிருந்தான்.

உண்மையில் வலிக்கவில்லை. ஊசி போடும்போது ஒரு சுருக்கு. பிறகு உதடு தடித்து, மோவாயின் அந்தப் பாதி என்னுடையதே இல்லை என்பதுபோல ஆனது. விழித்தபடிதான் இருந்தேன். வலி போய்விடும், அழுத்தமும் சத்தமும் போகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதைக் கேட்டிராவிட்டால் பயந்திருப்பேன். ஈறைக் கீறி விலக்கி, பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் செதுக்குகிறார்கள். எலும்பு சூடாகாமல் இருக்க உப்புக் கரைசல் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. சாய்ந்திருக்கும் பல்லை முழுதாக எடுக்க வழி இல்லை, அதனால் துண்டாக்குகிறார்கள். பல் பிளந்த அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை, தாடை எலும்பு வழியாக மண்டைக்குள்ளேயே எழுந்தது. தலை முழுவதும் ஒரே ஒரு ‘டக்’. மருத்துவர் உடனே, “இது நாம் எதிர்பார்த்த சத்தம்தான்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பிறகு தையல், அதன் மேல் மடித்த பஞ்சுத் துணி, “இறுகக் கடித்துக்கொள்ளுங்கள்.”

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லும்போது கணவரையும் உள்ளே வரச் சொன்னேன். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். மரத்த வாயோடும் படபடப்போடும் உட்கார்ந்திருப்பவர் காதில் அறிவுரை பாதிதான் ஏறும். இன்னொருவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவரே வீட்டில் அந்தத் தாளுக்குப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அன்று இரவு மாத்திரை நேரத்தை நான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மரப்பு விலகுவதற்கு முன்பே முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை மருத்துவர் எழுதிக்கொடுத்தது பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால், சேரும்போது ஒன்றைவிட நன்றாக வலியைக் குறைக்கின்றன. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சில வகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இபுப்ரோஃபென் ஆகாது என்பதால் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாளில் இருந்த தடைகள் எல்லாம் ஒரே காரணத்துக்காகத்தான். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்க வேண்டும். அதுதான் கீழே இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பாற்றுகிறது. புதிய திசு அதன் மேல்தான் வளர்கிறது. அதனால் முதல் நாள் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, உறிஞ்சுகுழல் வைத்து எதையும் குடிக்கக் கூடாது, சூடாகச் சாப்பிடக் கூடாது, புகைபிடிக்கக் கூடவே கூடாது. ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வாய் நிறைய ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் சுத்தமான துணியை வைத்துக் கடித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 24 மணி நேரம் கழிந்த பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, துப்பாமல் தானாக வழிய விட வேண்டும். நான் கழுவு தொட்டியின் மேல் குனிந்து நிற்க, சின்னவன் பக்கத்தில் முக்காலி போட்டு நின்று கண்ணாடிக் குவளையைப் பிடித்துக்கொண்டான். அந்த வேலையை அவன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வீக்கம் அடுத்தடுத்த நாட்களில்தான் முழு உருவம் எடுத்தது. இது யாரும் சரியாகச் சொல்லாத விஷயம். முதல் நாளைவிட இரண்டாம் நாள் மோசமாகத் தெரியும்; 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போய், பிறகுதான் இறங்கும். முதல் நாள் ஐஸ் ஒத்தடம் விட்டு விட்டு வைப்பது வீக்கத்தையும் வலியையும் ஓரளவு மட்டுப்படுத்தும். ரத்தம் கன்றிய மஞ்சள் நிறம் கழுத்து வரை படர்வதும் உண்டு. தாடைத் தசை இறுகிப்போய் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. சாதாரணமாக மூன்று விரல்கள் போகும்.

அந்த முகத்தைப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்திருக்கவில்லை. சின்னவன் இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனான். மூன்றாம் முறை அக்காவை அனுப்பினான். அவள் வந்து, “தம்பி மேல் கோபமா என்று கேட்கச் சொன்னான்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு கன்னம் வீங்கி, உதடு இழுத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் இருக்கும் அம்மாவின் முகம் குழந்தைக்குக் கோப முகம்தான். நான் சிரித்தாலும் அது சிரிப்பாகத் தெரியவில்லை. கண்ணாடி முன் போய் நின்று பார்த்தேன். அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. அவனை மடியில் உட்காரவைத்து, வீங்காத கன்னத்தில் அவன் கையை வைத்து, பிறகு வீங்கிய கன்னத்தில் விரல் நுனி மட்டும் படும்படி வைத்தேன். “சூடாக இருக்கிறது” என்றான். நோட்டில் ஒரு பல்லை வரைந்து, அதை மருத்துவர் எடுத்துவிட்டதாகவும் அது இருந்த இடம் ஆறிக்கொண்டிருப்பதாகவும் காட்டினேன். அவன் அந்தப் பல்லுக்குக் கண்ணும் வாயும் வரைந்து எடுத்துக்கொண்டு போனான். வாய் அறுவைக்குப் போகும் பெற்றோர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: அம்மாவின் முகம் சில நாள் வேறு மாதிரி இருக்கும், பேசமாட்டாள், அது கோபம் இல்லை என்று முன்பே சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டு மேசைதான் நான் நினைத்ததைவிடக் கடினமான இடம். முதல் நாள் கணவர் சத்து எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துக் கொடுத்தார். அக்கறையில் குறை இல்லை. நிறமும் மணமும் இல்லாத அந்தக் கூழை இரண்டு கரண்டிக்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை. மறுநாள் காய் தனியாக, பருப்பு தனியாக, முட்டை தனியாக மசித்து, ஆறவைத்து, சின்னக் கரண்டியோடு வைத்தார். அதே உணவு, அதே அளவு, முழுவதும் சாப்பிட்டேன். நோயாளிக்கும் ருசி வேண்டும், தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் மெல்ல வேண்டும், விதையும் பருக்கையுமாக இருப்பவை குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் தாளில் இருக்கும். எல்லோரோடும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. தனியாக அறையில் சாப்பிட்ட வேளைகளில் நான் குறைவாகத்தான் சாப்பிட்டேன்.

வலி குறைந்துகொண்டே வர வேண்டிய கட்டத்தில், ஒரு மாலை அது திரும்பி எழுந்தது. முதல் இரவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. காதுக்குள்ளும் பொட்டிலும் விண்விண்ணென்று தெறித்தது, மாத்திரைக்கு மசியவில்லை, வாயில் கெட்ட வாடை. வெட்டிய இடம் வலிக்கத்தானே செய்யும், பொறுத்துக்கொள் என்று தொலைபேசியில் சிலர் சொன்னார்கள். தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தது: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், குறைந்த வலி கூடினால் கூப்பிடுங்கள். கூப்பிட்டோம். ரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிந்தது. உலர்குழி. ஆங்கிலப் பெயரான ‘ட்ரை சாக்கெட்’ என்பதைத்தான் மருத்துவமனையில் எல்லோரும் சொன்னார்கள். வந்தால் பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான் வருகிறது. மற்ற பற்களைவிடக் கீழ் ஞானப்பல் எடுத்த இடத்தில் அதிகம் வருகிறது. உப்புக் கரைசலால் குழியைக் கழுவி, கிராம்பு வாடை அடிக்கும் மருந்துத் துணியை உள்ளே வைத்தார்கள். அன்றிரவே தூங்கினேன்.

வலியைவிட என்னை வருத்தியது அடுத்து நடந்த விசாரணை. “பிள்ளையிடம் சத்தமாகப் பேசினாயே அம்மா, அதனால்தான்” என்றார் மாமியார். வேறொருவர் தண்ணீர் குடித்த விதத்தைக் காரணம் சொன்னார். பெரியவள் மெதுவாக, “நான் பாடம் கேட்கச் சொன்னேனே, அதனாலா?” என்று கேட்டபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மறுமுறை மருந்துத் துணி மாற்றப் போனபோது அவளையும் அழைத்துப் போய், மருத்துவரையே பதில் சொல்ல வைத்தேன். சொன்னபடியெல்லாம் நடந்துகொண்டவர்களுக்கும் இது வரும் என்றார். புகைப்பழக்கம் அதைக் கூட்டும், கர்ப்பத்தடை மாத்திரை கூட்டலாம், பல்லை எடுப்பது கடினமாக இருந்தாலும் கூடும். பாடம் கேட்டதால் வராது என்று அவளைப் பார்த்தே சொன்னார். திரும்பி வரும் வழியில் அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நோயாளி வீட்டில் காரணம் தேடுவது ஏதோ செய்கிறோம் என்ற திருப்தியைத் தருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் திருப்திக்கான விலையைப் படுத்திருப்பவரும், சில சமயம் ஒரு குழந்தையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாமியாரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மௌனம் அவரைத்தான் அதிகம் பாதித்தது. நோட்டில் எழுதினால் கண்ணாடியைத் தேட வேண்டும். தேடுவதற்குள் நான் போய்விட்டதாக நினைத்துக்கொள்வார். இரண்டாம் நாளே அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்விகளை மாற்றிக்கொண்டார். “என்ன சாப்பிடுகிறாய்?” என்று கேட்பதை விட்டு, “பால் கொண்டுவரட்டுமா?” என்று கேட்டார். தலையை ஆட்டினால் போதும். வீட்டில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. வருடக்கணக்காக மற்றவர்கள் பேச்சைப் பாதி கேட்டும் பாதி ஊகித்தும் வாழ்கிறவருக்கு, பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

தையல் பிரித்தது ஒரு நிமிட வேலை. அதன் பிறகு வாயைத் திறந்து மூடும் பயிற்சி. ஒரு விரல் இரண்டானது, இரண்டு மூன்றானது. குழியில் உணவு தங்காமல் கழுவ, முனை வளைந்த ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்ச் கொடுத்தார்கள். மேலே ஈறு மூடச் சில வாரங்கள் ஆகும். உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீக்கம் வடிந்த அன்றே நான் குணமானவள். அந்த இடைவெளியில்தான் பழைய வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இரவுக் கதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணவருடையதாகவே இருக்கிறது; மாமியாருக்கு மாத்திரை நேரத்தைப் பெரியவள் நோட்டில் எழுதிக்கொடுக்கிறாள்.

மேல்தாடையின் இடது ஞானப்பல் இன்னும் இருக்கிறது. கீழே எதிர்ப்பல் இல்லாததால் அது இறங்கி வந்து கன்னத்தைக் கடிக்கத் தொடங்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். அடுத்த பரிசோதனையில் பார்த்துச் சொல்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார். எடுக்க வேண்டி வந்தால் விடுமுறையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் பலர். நானும் கணவரும் பேசி, பள்ளி நடக்கும் வாரத்தின் தொடக்கத்தில்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். பகலில் வீடு அமைதியாக இருக்கும். வலி கூடினால் மருத்துவரும் அன்றே கிடைப்பார்.